பல் வேருக்குள் வைக்கும் சிமெண்ட்: பதமும் சேர்மானமும்

வேர்க்குழாய் சிகிச்சைக்கு வரும் நோயாளிகளும் அவர்களுக்குத் துணையாக வரும் உறவினர்களும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் மூன்று. "ஒரே நாளில் முடித்துவிட முடியாதா?" என்பது முதற்கேள்வி. "பல்லுக்குள் ஈரப்பஞ்சை வைத்து அனுப்புகிறீர்களே, அது எதற்கு?" என்பது இரண்டாவது. "எல்லாம் சிமெண்ட்தானே, ஒன்றுக்கு மட்டும் ஏன் விலை கூடுதல்?" என்பது மூன்றாவது. இம்மூன்று கேள்விகளுக்கும் விடை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வேருக்குள் வைக்கப்படும் சிமெண்ட் எவ்வளவு எளிதாகக் கையாளப்படுகிறது, எவ்வளவு விரைவில் இறுகுகிறது என்பதே அந்த இடம். காட்டுமன்னார்கோயிலிலிருந்தோ விருத்தாசலத்திலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு, சிமெண்டின் பதம் என்பது மருத்துவரின் தனிக்கவலை அன்று. இன்னொரு முறை வரவேண்டுமா, வேண்டாமா என்பதையும், சில வேளைகளில் பல் நிலைக்குமா என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. எனவே இக்கட்டுரையில் அதைப்பற்றிச் சற்று விரிவாக விளக்க விரும்புகிறோம்.

வேருக்குள் சிமெண்ட் எதற்கு?

பல்லின் வெளிப்புறம் எனாமல், அதனுள்ளே டென்டின், அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக்குழாய்களும் நிறைந்த பற்கூழ். இப்பற்கூழ் பல்லின் முடியிலிருந்து வேரின் நுனிவரை ஒரு மெல்லிய குழாயில் ஓடுகிறது. ஆழமான சொத்தையாலோ அடிபட்டதாலோ பற்கூழ் அழுகிப்போனால், அதை அகற்றி, குழாயைக் கிருமிநாசினி நீரால் கழுவி, மீண்டும் கிருமி புகாதவாறு அடைக்கிறோம். இதுவே வேர்க்குழாய் சிகிச்சை. மக்கள் வழக்கில் 'ரூட் கெனால்'.

அடைக்கும் பணியில் இருவகைச் சிமெண்டுகள் பயன்படுகின்றன. முதல் வகை, கட்டாபெர்ச்சா என்னும் ரப்பர் போன்ற குச்சிக்கும் குழாயின் சுவருக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியை நிரப்புவது. இது தேன்போல் ஓடி, எல்லா மூலைகளிலும் பரவவேண்டும். இரண்டாம் வகை, வேரில் ஏற்பட்ட துளையையோ, வளர்ச்சி முடியாமல் அகன்று திறந்திருக்கும் வேர்நுனியையோ அடைப்பது. இது ஓடக்கூடாது, வைத்த இடத்தில் நிற்கவேண்டும். ஒன்றுக்கு நன்மையாக உள்ள குணம் மற்றொன்றுக்குக் கேடாகும். ஆகவே 'எல்லாம் சிமெண்ட்தானே' என்பது முழு உண்மையன்று.

ஒரு சிமெண்டைக் கையாளும் தன்மை என்று நாங்கள் சொல்லும்போது நான்கு செய்திகளைக் கருதுகிறோம். கலந்தபின் அதன் பதம் எப்படி இருக்கிறது? வேலை செய்ய எவ்வளவு நேரம் கிடைக்கிறது? வைத்தபின் எவ்வளவு நேரத்தில் இறுகுகிறது? இறுகுவதற்குள் இரத்தமோ ஊனீரோ பட்டால் கரைந்தோடாமல் நிற்கிறதா? இந்நான்கையும் சீர்செய்வதற்காகச் சிறிய அளவில் சேர்க்கப்படும் பொருள்களையே சேர்மானங்கள் என்கிறோம்.

கிராம்பு வாசனையுள்ள பழைய சிமெண்ட்

பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பலருக்கு நினைவில் நிற்பது கிராம்பு வாசனை. கிராம்பு எண்ணெயின் முதன்மைக் கூறான யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடு பொடியுடன் குழைத்துச் செய்யும் சிமெண்டின் வாசனை அது. தலைமுறை தலைமுறையாக வேர்க்குழாய் நிரப்பப் பயன்பட்டு வந்த இச்சிமெண்டுக்கு ஒரு குணம் உண்டு. வெப்பமும் ஈரமும் கூடினால் விரைந்து இறுகிவிடும். கடற்கரை ஊரான கடலூரில், அக்கினி நட்சத்திர நாள்களில், குளிரூட்டப்படாத அறையில் கண்ணாடிப் பலகை மேல் குழைத்தால், மூன்று வேர்கள் கொண்ட கடைவாய்ப்பல்லை நிரப்பி முடிப்பதற்குள் கலவை கெட்டியாகிவிடக்கூடும்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த லூயி கிராஸ்மன் என்னும் பேராசிரியர் வகுத்த கலவை இக்குறையைத் தீர்த்தது. இன்றும் அவர் பெயராலேயே வழங்கும் அக்கலவையில் துத்தநாக ஆக்சைடுடன் வேறு சில பொருள்களும் உள்ளன. பிசின், கலவைக்கு ஒட்டும் தன்மையைத் தருகிறது. பேரியம் சல்பேட்டும் பிஸ்மத் உப்பும் எக்ஸ்ரே படத்தில் சிமெண்டை வெள்ளையாகக் காட்டுகின்றன. சிறிதளவு சோடியம் போரேட் இறுகுவதைத் தாமதப்படுத்துகிறது. மருத்துவருக்கு வேலை செய்ய நேரம் கிடைப்பது அந்தச் சிறிதளவால்தான். கிருமியைக் கொல்வதோ பல்லை வலுப்படுத்துவதோ அதன் வேலையன்று. ஆயினும் அது இல்லையெனில், மூன்றாவது வேரை நிரப்பும்போது கலவை கெட்டியாகி, வேரின் நுனிவரை செல்லாமல் பாதியில் நின்றுவிடக்கூடும். மீந்த இடத்தில் கிருமி குடியேறும். சேர்மானத்தின் முதல் பாடம் இதுவே.

கட்டடத்திலிருந்து பல்லுக்கு வந்த சிமெண்ட்

இரண்டாம் வகையான, துளையை அடைக்கும் சிமெண்டின் வரலாறு வியப்பானது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1878இலேயே ஜெர்மானியப் பல் மருத்துவர் விட்டே என்பவர், வேர்க்குழாயைப் போர்ட்லேண்ட் சிமெண்டால் நிரப்புவதைப் பற்றி எழுதினார். அம்முயற்சி மறக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத்தும் அவருடைய குழுவினரும் அதே அடிப்படையில் ஒரு புதிய மருத்துவச் சிமெண்டை உருவாக்கினர். 1993இல் ஆய்விதழில் முதலில் விவரிக்கப்பட்ட அதன் பெயர் மினரல் ட்ரையாக்சைடு அக்ரிகேட், சுருக்கமாக எம்.டி.ஏ. அதில் ஏறத்தாழ 75 விழுக்காடு தூய்மையாக்கப்பட்ட போர்ட்லேண்ட் சிமெண்ட். 20 விழுக்காடு எக்ஸ்ரேயில் தெரிவதற்கான பிஸ்மத் ஆக்சைடு. 5 விழுக்காடு ஜிப்சம்.

இதன் சிறப்பு என்னவெனில், அது ஈரத்தில் இறுகும். பல் மருத்துவத்தில் பயன்படும் மற்ற அடைப்புப் பொருள்கள் பலவற்றுக்கு ஈரமே பகை. வேரின் நுனியோ எப்போதும் இரத்தமும் ஊனீரும் உள்ள இடம். எம்.டி.ஏ.வில் உள்ள கால்சியம் சிலிகேட் நீருடன் சேர்ந்து களிபோன்ற ஒரு பொருளாகிப் பின் கல்லாகிறது. அப்போது நீற்றுச் சுண்ணாம்பாகிய கால்சியம் ஹைட்ராக்சைடும் வெளிப்படுகிறது. கலந்தவுடன் 10.2 ஆக இருக்கும் காரத்தன்மை அளவு, மூன்று மணி நேரத்தில் 12.5 ஆக உயர்கிறது. இக்காரத்தில் கிருமிகள் பிழைத்திருப்பது அரிது. வேரைச் சுற்றியுள்ள திசுவோ அதை ஏற்றுக்கொண்டு, அதன்மேல் புதிய கடினத் திசுவை வளர்க்கிறது.

இங்கே ஒரு தெளிவு தேவை. சிமெண்ட் இறுகுவது உலர்வதால் அன்று; நீரைத் தன்னுள் கட்டிக்கொள்வதால். புதிதாகத் தளம் போட்ட வீட்டில் கொத்தனார் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி வைப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். பல்லுக்குள் நாங்கள் வைத்தனுப்பும் ஈரப்பஞ்சும் அதற்காகவே. அதை மறதியாக விட்டுவிட்டதாகவோ, பணி பாதியில் நின்றுவிட்டதாகவோ கருதவேண்டாம்.

அப்படியானால் கடையில் விற்கும் மூட்டைச் சிமெண்டையே பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்பதுண்டு, கூடாது. அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வரும் கட்டடச் சிமெண்டில் ஆர்செனிக் முதலிய உலோக மாசுகளுக்கு மருத்துவ அளவிலான கட்டுப்பாடு இல்லை. அனல் மின்நிலையச் சாம்பல் கலந்த சிமெண்டும் சந்தையில் உண்டு. சுவருக்கு அதனால் தீங்கில்லை. உடலுக்குள் வைக்கும் பொருளுக்கு அந்த அளவுகோல் போதாது. பொடியின் நுண்மையும் தூய்மையும் வேறு, விலையும் வேறு.

நல்ல சிமெண்டின் நான்கு குறைகள்

எம்.டி.ஏ. வேலைக்கு நல்லது, கைக்கு நல்லதன்று. இது இத்துறை மருத்துவர்கள் உலகெங்கும் ஒப்புக்கொண்ட உண்மை.

முதற்குறை, பதம். மூன்று பங்கு பொடிக்கு ஒரு பங்கு நீர் என்ற கணக்கில் கலந்தால், அது புட்டு மாவுப் பதத்தில் நிற்கும். பிடித்தால் பிடிபடும், தொட்டால் உதிரும். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் வீடு கட்டும் பிள்ளைகளுக்கு இது நன்கு தெரியும். நீர் குறைந்தால் மணல் உதிர்கிறது, கூடினால் சரிகிறது. அந்த மணலை ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றே அகன்ற குழாய்க்குள், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், இடைவெளியின்றி அடைக்கவேண்டும் என்றால் அதன் கடினம் விளங்கும்.

இரண்டாம் குறை, நேரம். முதன்முதலில் வெளியான எம்.டி.ஏ. இறுக ஏறத்தாழ 165 நிமிடங்கள் ஆயின. சிதம்பரத்திலிருந்து பேருந்தில் கடலூர் சென்று திரும்பும் நேரம் அது. அவ்வளவு நேரம் வாயைத் திறந்து யாராலும் அமர்ந்திருக்க இயலாது. எனவே ஈரப்பஞ்சு வைத்து, தற்காலிக அடைப்பு இட்டு, இன்னொரு நாள் வரச்சொல்வது வழக்கமாயிற்று.

மூன்றாம் குறை, இறுகுவதற்குள் கரைந்தோடுதல். மழை தூறும்போது பூசிய பூச்சு சுவரிலிருந்து வழிவதைப்போல, இரத்தம் கசியும் இடத்தில் வைத்த கலவை அடித்துச் செல்லப்படக்கூடும்.

நான்காம் குறை, நிறம். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் சேர்க்கப்பட்ட பிஸ்மத் ஆக்சைடு, குழாயைக் கழுவப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலின் மிச்சத்துடன் வினைபுரிந்து கருமையாகிறது. கடைவாய்ப் பல்லில் இது பெரிய சிக்கலன்று. முன்பல்லில், அதுவும் இளவயதினர்க்கு, சிரிக்கத் தயங்கும் அளவுக்கு வருத்தம் தரும்.

நம் ஊருக்குப் புதிதல்லாத கலை

கட்டுமானக் கலவைக்குச் சேர்மானம் இடுவது நம் நாட்டில் பழைய அறிவு. பழங்கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்புச் சாந்துடன் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பதை இன்றும் காணலாம். செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான பூச்சில் முட்டை வெண்கருவும் சேர்ந்தது. சுண்ணாம்பே கட்டுகிறது, மற்றவை அது கரணைக்கு இணங்கவும், வெடிக்காமல் இறுகவும், பூசியபின் பளபளக்கவும் உதவுகின்றன. சித்த மருத்துவத்தில் ஒரே சூரணத்தைத் தேனிலோ நெய்யிலோ வெந்நீரிலோ கொடுப்பதை அனுபானம் என்பர். வேர்க்குழாய் சிமெண்டிலும், பொடியை எந்த நீர்மத்தில் குழைக்கிறோம் என்பது அதே அளவு முக்கியமானது.

1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1980இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி சிதம்பரத்தில் தொடங்கப்பட்டது. 2021இல் தமிழக அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறையின் பொறுப்புக்கு அது மாறியது. பற்களைப் பிடுங்குவதே முடிவு என்றிருந்த நிலை மாறி, காப்பாற்றக்கூடிய பல்லைக் காப்பாற்றும் சிகிச்சை நம் மாவட்ட மக்களுக்கு அருகிலேயே கிடைப்பதற்கு இத்தகைய கல்வி நிலையங்கள் காரணமாயின. உலகின் பல நாடுகளில் நடந்த சிமெண்ட் ஆய்வுகளின் பயன் நம் ஊர் நோயாளியை வந்தடைவதும் இவ்வழியாகவே.

சேர்மானங்கள் கொடுப்பதும் எடுப்பதும்

விரைவாக இறுகச் செய்யும் சேர்மானங்களில் முதன்மையானது கால்சியம் குளோரைடு. கட்டடத் துறையில் நெடுங்காலமாக அறியப்பட்ட பொருள் இது. கம்பி கட்டிய கான்கிரீட்டில் குளோரைடு இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால் அங்கே அதற்குக் கட்டுப்பாடு உண்டு. பல் வேரில் வைக்கும் சிமெண்டுக்குள் கம்பி இல்லை. எனவே இங்கே அது பயன்படுகிறது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், கால்சியம் குளோரைடு கரைசலில் கலந்த எம்.டி.ஏ. அரைமணி நேரத்துக்குள் இறுகியது. ஆனால் நீரில் மட்டும் கலந்ததைவிட அதன் தாங்கும் வலிமை குறைந்தது. அதே ஆய்வில், உப்பு நீரும் மரப்பூசி மருந்தும் இறுகும் நேரத்தை நீட்டின. குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினிக் களிம்பில் கலந்ததோ இறுகவே இல்லை. கிருமிநாசினியைச் சேர்த்தால் இன்னும் நல்லதுதானே என்று எண்ணத் தோன்றும். சிமெண்டின் வேதியியல் அவ்வாறு எண்ணுவதில்லை. தயாரிப்பாளர் குறிப்பிட்ட நீர்மத்தையன்றி வேறொன்றை மருத்துவர் தம் விருப்பப்படி கலக்கலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பதத்தைச் சீர்செய்யும் சேர்மானம் மெத்தில்செல்லுலோஸ். தாவர நாரிலிருந்து பெறப்படும் இவ்வகைப் பொருள்கள் கண் சொட்டு மருந்துகளிலும் பயன்படுகின்றன. 2007இல் வெளியான ஆய்வொன்றில், எம்.டி.ஏ.வுடன் 1 விழுக்காடு மெத்தில்செல்லுலோஸும் 2 விழுக்காடு கால்சியம் குளோரைடும் சேர்த்தபோது, புட்டு மாவாக இருந்தது கொழுக்கட்டை மாவாகியது. உருட்டலாம், எடுக்கலாம், அழுத்தலாம். இறுகும் நேரமும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

சேர்ப்பதால் மட்டுமன்றி, நீக்குவதாலும் குணம் மாறும். கட்டடச் சிமெண்டில் ஜிப்சம் சேர்ப்பதே அது உடனே இறுகிவிடாமல் இருக்கத்தான். பிரேசில் நாட்டு அஞ்சலஸ் நிறுவனம் 2001இல் வெளியிட்ட எம்.டி.ஏ.வில் ஜிப்சம் இல்லை. அதனால் கால்மணி நேர அளவில் அது இறுகத் தொடங்குகிறது.

கரைந்தோடாமைக்கான முயற்சியில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ஜம்முவில் உள்ள பிரெவெஸ்ட் டென்ப்ரோ நிறுவனம் தயாரிக்கும் எம்.டி.ஏ. பிளஸ் என்னும் சிமெண்டின் பொடி மிக நுண்மையானது. அதனுடன் நீருக்குப் பதிலாக ஒரு பாலிமர் களிம்பும் தரப்படுகிறது. மால்டா தீவைச் சேர்ந்த ஆய்வாளர் ஜோசெட் கமில்லெரியின் குழு, கரைந்தோடுதலை அளக்க ஒரு முறையை வகுத்து 2013இல் வெளியிட்டது. அக்களிம்பில் கலந்த சிமெண்ட், நீரில் கலந்ததைவிடக் குறைவாகவே கரைந்தோடியது.

பிரான்சின் செப்டோடான்ட் நிறுவனத்தின் பயோடென்டின் இவ்வறிவையெல்லாம் ஒன்றுதிரட்டியது எனலாம். பிஸ்மத்துக்குப் பதில் சிர்கோனியம் ஆக்சைடு. ஆகவே நிறம் கெடும் அச்சம் குறைவு. நீர்மத்தில் கால்சியம் குளோரைடு. ஆகவே 9 முதல் 12 நிமிடங்களில் தொடக்க இறுக்கம். அத்துடன், நீரைக் குறைத்தும் கலவையை இளக்கமாக வைக்கும் ஒரு பாலிமர். கலவை லாரிகளில் வரும் கான்கிரீட் குழாய்வழி ஏறுவதற்குச் சேர்க்கும் பொருளின் உறவு அது. ஆனால் இதைக் கலக்கத் தனி எந்திரம் வேண்டும், ஒரு குப்பியை உடைத்தால் முழுவதையும் அன்றே பயன்படுத்தவேண்டும், விலையும் கூடுதல்.

இவற்றுக்கு அடுத்த நிலை, ஊசிக்குழாயில் ஆயத்தமாக வரும் சிமெண்ட். நீரில்லாத ஒரு நீர்மத்தில் குழைத்து வைத்திருப்பதால் ஊசிக்குழாய்க்குள் அது இறுகாது. வேருக்குள் சென்றபின், டென்டினில் இயல்பாக உள்ள ஈரத்தை ஏற்று இறுகுகிறது. கலக்கும் வேலை இல்லை. பதம் தவறும் அச்சமும் இல்லை. ஆயினும் குழாயை அளவுக்கு மீறி உலர்த்திவிட்டால் இறுக ஈரம் கிடைக்காது. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் மூடி திறந்தே கிடந்தால், ஊசியின் முனையிலேயே இறுகத் தொடங்கும். வசதி கூடும்போது அதற்கேற்ற கவனமும் கூடவேண்டியிருக்கிறது.

ஒரு சிறுவனின் முன்பல்

இவையெல்லாம் நடைமுறையில் எப்படிப் பொருந்துகின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பரங்கிப்பேட்டையில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் விளையாடும்போது விழுந்து மேல் முன்பல் உடைகிறது என்று கொள்வோம். முன்பல் முளைத்தபின் அதன் வேர் வளர்ந்து முடிய ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். எனவே இச்சிறுவனின் வேர்நுனி இன்னும் அகன்று திறந்திருக்கும், சுவர்களும் மெல்லியவை.

அன்றோ மறுநாளோ அழைத்துவந்தால், பெரும்பாலும் பற்கூழின் மேற்பகுதியை மட்டும் நீக்கி, மீதியை உயிருடன் காத்து, அதன்மேல் இச்சிமெண்டை வைக்க முடியும். வேர் தானே வளர்ந்து முடியும். இதுவே மிகச் சிறந்த வழி. 'பாலுக்குப் பின் முளைத்த பல்தானே, வலி இல்லையே' என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டால் பற்கூழ் இறந்து சீழ் கட்டும். அதன்பின் திறந்த நுனியை அடைத்தாகவேண்டும்.

முன்பெல்லாம் இதற்குக் கால்சியம் ஹைட்ராக்சைடு களிம்பைத் திரும்பத் திரும்ப வைத்து, நுனி தானாக மூடும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தோம். பல குடும்பங்கள் இடையிலேயே வருவதை நிறுத்திவிடும். அக்களிம்பு நெடுநாள் இருந்தால் மெல்லிய வேர்ச்சுவர் மேலும் வலுவிழக்கும் என்பதும் ஆய்வுகளால் தெரியவந்தது. இன்று நுனியில் 4 முதல் 5 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சிமெண்டை அடைத்தால் ஓரிரு வருகைகளில் பணி முடிகிறது.

எந்தச் சிமெண்ட் என்பதை அப்போது இவ்வாறு முடிவு செய்கிறோம். முன்பல் என்பதால் பிஸ்மத் இல்லாததை விரும்புவோம். நுனியில் இரத்தக் கசிவு இருந்தால் கரைந்தோடாத களிம்புக் கலவையை நாடுவோம். குடும்பத்தினர் மறுமுறை வருவது உண்மையாகவே கடினம் எனில், விரைவில் இறுகுவதைத் தேர்ந்து அன்றே மேலடைப்பும் இடுவோம். மறுநாள் வர இயலும், செலவைக் குறைக்கவேண்டும் எனில், மெதுவாக இறுகும் எம்.டி.ஏ.வும் ஈரப்பஞ்சும் போதும். மெதுவாக இறுகுவது தரத்தில் தாழ்ந்தது என்று எண்ணவேண்டாம்.

ஆனால் சீழ் வடிந்துகொண்டிருந்தால், எந்தச் சிமெண்டானாலும் அன்று வைக்கமாட்டோம். சீழ் உள்ள இடம் அமிலத்தன்மை கொண்டது. அமிலத்தில் இச்சிமெண்ட் சரிவர இறுகாது, வலுவும் குன்றும். முதலில் கழுவி, மருந்து வைத்து, சில நாள் கழித்து வரச்சொல்வோம். விலையுயர்ந்த, விரைவில் இறுகும் சிமெண்டாலும் தவிர்க்க முடியாத காத்திருப்பு இது. 'பணம் கூடத் தருகிறோம், இன்றே முடியுங்கள்' என்று பெற்றோர் கேட்கும்போது நாங்கள் மறுப்பதன் காரணம் இதுவே.

நோயாளிகளும் உறவினர்களும் கவனிக்கவேண்டியவை

1. மறுமுறை வரச்சொன்ன நாளில் தவறாமல் வாருங்கள். அன்று சிமெண்ட் இறுகியுள்ளதா என்று கருவியால் தொட்டுப் பார்த்த பின்னரே மேலடைப்பு இடுகிறோம். இறுகாதிருந்தால் அதைக் கழுவிவிட்டு மீண்டும் வைக்க அப்போது வாய்ப்பு உண்டு. பின்னர் அது எளிதன்று.

2. வலி நின்றுவிட்டது என்பதற்காகச் சிகிச்சை முடிந்தது என்று கருதவேண்டாம். தற்காலிக அடைப்பு நெடுநாள் தாங்காது. அது தேய்ந்து எச்சில் உள்ளே இறங்கினால், கழுவிய குழாயில் மீண்டும் கிருமி குடியேறும்.

3. தற்காலிக அடைப்பு கழன்று விழுந்தால், குறித்த நாள்வரை காத்திராமல் அன்றே அல்லது மறுநாளே வந்து காட்டுங்கள். பஞ்சு வெளியே தெரிந்தால் நீங்களாக எடுக்கவோ, கிராம்பு எண்ணெய் ஊற்றவோ வேண்டாம்.

4. சிகிச்சை முடியும்வரை அப்பல்லால் முறுக்கு, சீடை, கரும்பு, எலும்பு போன்ற கடினமானவற்றைக் கடிக்கவேண்டாம். முடிந்தபின் உறை போடச் சொன்னால் தள்ளிப்போடவேண்டாம்.

5. வைத்த சிமெண்டின் பெயரைச் சிகிச்சைச் சீட்டில் எழுதித் தருமாறு கேளுங்கள். பின்னாளில் வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர் அப்பல்லைத் திறக்க நேர்ந்தால், உள்ளே இருப்பது எது என்பது அவருக்குத் தெரியவேண்டும். இறுகிய எம்.டி.ஏ.வை அகற்றுவது கடினம். கட்டாபெர்ச்சாவை அகற்றுவது எளிது.

6. வீடு தூரம், வேலை நாள் இழப்பு, செலவு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே கூச்சமின்றிச் சொல்லுங்கள். எந்தச் சிமெண்டைத் தேர்வது என்பதில் இவையும் கணக்கில் வரும். கடைசி நேரத்தில் சொன்னால், தேர்வு செய்ய வழியிராது.

7. பிள்ளைகளின் முன்பல் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். உடைந்த துண்டு கிடைத்தால் பாலிலோ நீரிலோ இட்டு எடுத்துவாருங்கள்.

எல்லா வகையிலும் குறையற்ற சிமெண்ட் இன்னும் வரவில்லை. விரைவைத் தரும் சேர்மானம் வலுவில் சிறிது எடுத்துக்கொள்ளலாம். குழைவைத் தருவது விலையில் எடுத்துக்கொள்கிறது. எந்தப் பல்லுக்கு எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடலாகாது என்பதை நோயாளியுடன் பேசியே முடிவுசெய்ய விரும்புகிறோம். அடுத்தமுறை சிகிச்சை நாற்காலியில் அமரும்போது, "எனக்கு வைக்கப்போவது எந்தச் சிமெண்ட்? இறுக எவ்வளவு நேரம்? நான் மறுபடி எப்போது வரவேண்டும்?" என்று தயங்காமல் கேளுங்கள். விடை சொல்வது எங்கள் கடமை.